அந்த நாள் நீ எங்கே இருந்தாய்?

(திருவானைக்காவலில் 'அந்த நாள்' திரைப்படம் காட்டப்பட்ட பின், ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பாட்டு எப்பய்யா வரும்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கேட்டது என் காதிலும் விழுந்தது. "இரு, வரும்" என்று பக்கத்திலிருந்தவர் சமாதானம் சொன்னார். கடைசிவரை வரவில்லை. பாட்டு இல்லை, நடனம் இல்லை, கத்திச் சண்டை இல்லை. ஆனாலும் ஒருவரும் எழுந்து போகவில்லை. இரவு ஷிப்டுக்குப் போக வேண்டிய தோழர்கள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே நின்று பார்த்தார்கள்.

இந்தப் படம் 1954 ஏப்ரல் 13ல் வெளிவந்தது. ஏவி.எம். மெய்யப்பன் தயாரித்தார். கதையமைத்து டைரக்ட் செய்தவர் வீணை வித்வான் எஸ்.பாலசந்தர். சங்கீதத்தில் ஊறிய மனிதர், பாட்டே இல்லாமல் ஒரு படம் எடுத்தார்! வசனம் எழுதிய ஜாவர் சீதாராமனே சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தமாகவும் நடித்தார். ஜப்பானிய டைரக்டர் குரோசாவா 1950ல் எடுத்த 'ராஷோமோன்' படத்தைப் பார்த்ததில் பாலசந்தருக்குப் பிறந்த எண்ணம் இது. முதல் ஓட்டத்தில் வசூல் சரியில்லை. கதாநாயகன் சிவாஜி கணேசன். 'பராசக்தி' வெளிவந்து இரண்டு வருஷம்கூட நிறையாத நேரம். அவரைப் பார்க்க வந்த ஜனங்களுக்கு, படம் தொடங்கியவுடன் அவர் சுடப்பட்டுச் சாவதைக் காட்டினால் எப்படி இருக்கும்? பிற்பாடு இந்திய சர்க்காரின் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. இன்று தமிழ்ப் படங்களின் வரலாறு எழுதுகிறவர்கள் எவரும் இதைத் தாண்டிப் போக முடியாது.

படத்தைப் புகழ்வதற்காக நான் இங்கே நிற்கவில்லை. புருஷன், பெண்டாட்டி, பணத்தாசை, கொலை: இந்த நான்கும் சேர்ந்த கதை சினிமாவில் மட்டும் நடப்பதில்லை. நம் தெருவிலும் நடக்கிறது. அதைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

முதலில் கதையை ஒருதரம் நினைவுபடுத்திக்கொள்வோம். 1943 அக்டோபர். சென்னையில் ஜப்பான் விமானம் குண்டு போட்ட சமயம். ரேடியோ என்ஜினீயர் ராஜன் தன் வீட்டிலேயே சுடப்பட்டுக் கிடக்கிறான். சந்தேகத்துக்கு உரியவர்கள் ஐந்து பேர். பக்கத்து வீட்டு சின்னையாப் பிள்ளை, ராஜனின் தம்பி பட்டாபி, பட்டாபியின் மனைவி ஹேமா, ராஜனோடு தொடர்பு வைத்திருந்த நாட்டியக்காரி அம்புஜம், கடைசியாக ராஜனின் மனைவி உஷா. தம்பி சொத்தில் பங்கு கேட்டான், அண்ணன் கொடுக்கவில்லை. அங்கே ஒரு பகை. நாட்டியக்காரி விவகாரத்தில் ஒரு பகை. ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள். ஒவ்வொரு கதையிலும் குற்றவாளி வேறொருவர். கவனித்தீர்களா? எல்லாருடைய கதையிலும் கதை சொல்கிறவர் மட்டும் சுத்தமாக இருக்கிறார்.

கடைசியில் உண்மை வெளிவருகிறது. ராஜன் கெட்டிக்காரன். ஏழை எளியவர்களுக்கும் எட்டும்படி ரேடியோ செய்ய வேண்டுமென்று ஆசைப்பட்டவன். நமக்கு அதன் அருமை தெரியும். திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16ல் தொடங்கியது. ஆனால் அந்தக் காலத்தில் ரேடியோப் பெட்டி மிராசுதார் வீட்டுக் கூடத்தில்தான் இருக்கும். வைத்திருக்க லைசென்சு வேறு கட்ட வேண்டும். கூலிக்காரன் கேட்க வேண்டுமானால் பார்க்கிலோ பஞ்சாயத்து ஆபீஸ் வாசலிலோ போய் நிற்க வேண்டும். அந்த நிலையை மாற்ற நினைத்தவனுக்கு இங்கே யாரும் கைகொடுக்கவில்லை. மனம் கசந்தவன் ஜப்பானுக்கு ஒற்றனாகிறான். நாட்டின் ரகசியத்தை விற்கிறான். விஷயம் மனைவிக்குத் தெரிகிறது. எடுத்துச் சொல்கிறாள், அவன் கேட்கவில்லை. துப்பாக்கியை எடுத்தவள் கட்டிய பாசத்தால் தடுமாறுகிறாள். அந்தத் தடுமாற்றத்திலேயே குண்டு பாய்ந்துவிடுகிறது.

ராஜன் யாரிடம் விற்றான் என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். இப்போது அந்தக் காலத்தை அறிந்தவர்கள் குறைவு. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் குண்டு போட்டது. சென்னையே காலியாயிற்று. மூட்டை முடிச்சோடு ஜனங்கள் ரயிலேறி ஊர்ப்பக்கம் ஓடினார்கள். வெள்ளைக்காரனை விரட்ட வரும் ஜப்பான்காரன் நல்லவன் என்று நம்பினவர்களும் அன்று உண்டு. அதே நேரத்தில் சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பான் ராணுவம் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தது. கைதிகளையும் கூலிகளையும் வைத்துப் போட்ட பாதை அது. மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்களை ஆயிரமாயிரமாக அங்கே கொண்டுபோனார்கள். காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் பல்லாயிரம் பேர் காட்டுக்குள் மடிந்தார்கள். பாதை இரண்டு முனையும் சேர்ந்தது 1943 அக்டோபரில். சென்னையில் குண்டு விழுந்த அதே மாதம்! ராஜனின் சரக்கை வாங்கியவன் அப்படிப்பட்டவன்.

தோழர்களே! ராஜன் ஏன் கெட்டான்? "பேராசை மனுஷ சுபாவம். அதற்கு என்ன செய்வது?" என்று சிலர் சொல்வார்கள். படம் அப்படிச் சொல்லவில்லை. நல்ல எண்ணத்தோடு புறப்பட்டவனுக்கு எல்லாக் கதவும் அடைபட்டதைக் காட்டுகிறது. அப்படியானால் சமுதாயம் கெட்டது, அதனால் ராஜன் கெட்டான் என்று சொல்லி அவனை விட்டுவிடலாமா? அதுவும் முடியாது. உஷாவும் அதே வீட்டில்தானே இருந்தாள்? அதே சோற்றைத்தானே தின்றாள்? இதோ நம் பக்கத்துப் பொன்மலையில் 1946 செப்டம்பர் 5ல் ஐந்து ரயில்வேத் தொழிலாளர்கள் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். அவர்களுக்கும் வறுமை இருந்தது, ஏமாற்றம் இருந்தது. அவர்கள் தங்களை விற்கவில்லை. கெடுவதற்குக் காரணத்தைச் சமுதாயம் தரும். கெடுகிற பொறுப்பு நம்முடையது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவன்தான் சரியாகப் பார்க்கிறான்.

இந்த மாதிரிப் படங்கள் உலக யுத்த காலத்தில் அமெரிக்காவில் நிறைய வந்தன. இருட்டு, மழை பெய்த தெரு, சிகரெட்டுப் புகை, துப்பாக்கி. 1946ல் பிரெஞ்சு விமர்சகர்கள் இவற்றுக்குக் 'கறுப்புப் படம்' என்று பெயர் வைத்தார்கள். அவற்றில் தலைசிறந்தது என்று பலரும் சொல்வது 1944ல் பில்லி வைல்டர் எடுத்த 'டபிள் இன்டெம்னிட்டி'. தமிழில் 'இரட்டிப்பு நஷ்ட ஈடு' என்று சொல்லலாம். ஓர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு. ஒரு பணக்காரரின் மனைவி. இருவரும் கூட்டு. புருஷனுக்கே தெரியாமல் அவர் பேரில் விபத்துப் பாலிசி எடுக்கிறார்கள். ரயில் விபத்தில் செத்தால் தொகை இரட்டிப்பு. ஆகவே அவரைக் காரில் வைத்துக் கொன்று, ரயிலிலிருந்து விழுந்தவர்போலத் தண்டவாளத்தில் போட்டுவிடுகிறார்கள்.

இது வெறும் கற்பனையா? இல்லை. 1927ல் நியூயார்க்கில் ரூத் ஸ்னைடர் என்ற பெண்ணும் அவள் காதலனும் சேர்ந்து அவள் கணவனைக் கொன்றார்கள். அங்கேயும் இரட்டிப்புப் பாலிசிதான். இருவரும் 1928 ஜனவரியில் மின்சார நாற்காலியில் உயிர்விட்டார்கள். ஜேம்ஸ் கெய்ன் என்ற எழுத்தாளர் அதை வைத்துக் கதை எழுதினார். அந்தக் கதைதான் படமாயிற்று. இந்தக் கறுப்புக் கதைகளுக்கு வழிபோட்டுக் கொடுத்தவர்களில் ஒருவர் டாஷியல் ஹாமெட். கம்யூனிஸ்ட். தோழர்களின் பெயரைச் சொல்ல மறுத்து 1951ல் சிறைக்குப் போனார். பணம் மனிதனை என்ன செய்யும் என்று எழுதியவர், தான் எதற்கும் விலைபோகவில்லை.

அமெரிக்கப் படத்தில் மனைவி விஷப்பாம்பு. புருஷன் அப்பாவி. நம் படத்திலோ புருஷன் துரோகி, மனைவிதான் மனச்சாட்சி. இரண்டில் எது நம் வாழ்க்கைக்கு நெருக்கம்? இந்தக் கேள்வியை இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களிடம் விடுகிறேன். நம் நாட்டில் வரதட்சிணைச் சாவு என்று போலீஸ் பதிவு செய்கிற கணக்கு மட்டும் ஆண்டுக்கு 6,000க்கு மேல். நாள் ஒன்றுக்குப் பதினாறு பெண்கள். பதிவாகாதவை எத்தனையோ! அங்கே புருஷன் செத்தால் இரட்டிப்புத் தொகை. இங்கே பெண்டாட்டி செத்தால் இரண்டாம் கல்யாணம், இரண்டாம் வரதட்சிணை. இதுவும் இரட்டிப்பு நஷ்ட ஈடுதான். பாலிசிப் பத்திரம்தான் இல்லை.

வரதட்சிணை நம் வர்க்கத்தின் வழக்கமா? உழைக்கும் ஜனங்களில் பல சமூகங்களில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குப் பரிசப்பணம் கொண்டுவருவார்கள். நாற்று நடவும் களை எடுக்கவும் கதிர் அறுக்கவும் தெரிந்த ஒரு பெண்ணை அனுப்பினால் அந்த வீட்டுக்கு நஷ்டம் என்பதை ஊர் ஒப்புக்கொண்டது. அதுவும் பெண்ணுக்கு விலைபேசுவதுதான். அதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. ஆனால் இன்று அதே பெண் அதே வேலையைச் செய்கிறாள். அவளைக் கொடுக்கிற வீடே பணமும் கொடுக்கிறது. மிராசுதார் வீட்டு வழக்கத்தைப் பார்த்து, கூரை வீட்டிலும் சவரன் கணக்குப் பேசுகிறோம்.

இதில் லாபம் பார்க்க ஆலை முதலாளிக்கும் தெரிந்திருந்தது. 1990களிலிருந்து கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கிராமத்துப் பெண் மூன்று வருஷம் ஆலை விடுதியிலேயே தங்கி வேலை செய்ய வேண்டும். முடிவில் முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று மொத்தமாகக் கொடுப்பார்கள். "கல்யாணத்துக்கு ஆகும்" என்று தகப்பன் அனுப்பி வைத்தான். உடம்புக்கு முடியாமல் நடுவில் நின்றவளுக்கு மொத்தத் தொகை கிடைக்காமல் போனதும் உண்டு. அவளுடைய கூலியையே பிடித்து வைத்து, அதற்குச் சுமங்கலி என்று பெயரும் வைத்தார்கள் பாருங்கள்! வரதட்சிணை ஒரு வீட்டுச் சமாசாரம் என்று நினைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1961லேயே வரதட்சிணைத் தடைச் சட்டம் வந்தது. 1983ல் புருஷனும் அவன் வீட்டாரும் செய்யும் கொடுமைக்குத் தனிப் பிரிவு வந்தது. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் இயற்கைக்கு மாறாகச் செத்து, அதற்குமுன் வரதட்சிணைக்காகக் கொடுமைப்பட்டிருந்தால், அதை வரதட்சிணைச் சாவாகக் கொள்ள வேண்டும் என்று 1986ல் இன்னொரு பிரிவு வந்தது. குறைந்தது ஏழு வருஷம் சிறை. 2024 ஜூலை முதல் வந்துள்ள புதிய சட்டத்திலும் அது இருக்கிறது. சட்டம் இருந்தும் பெண்கள் ஏன் சாகிறார்கள்? சாட்சி இல்லை. ஏன் சாட்சி இல்லை? இதற்குப் பதில் சொல்ல நான் என் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

இருபது வருஷத்துக்கு முந்தி நடந்தது. கொள்ளிடக் கரையில் ஒரு கிராமம். ஊர் பேர் வேண்டாம். நான் முழுநேர ஊழியனாக வந்த புதிது. அந்த ஊரில் ஒரு விவசாயத் தொழிலாளி. சங்கத்தில் எனக்குத் தகப்பன்போல இருந்தவர். அவர் மகளைப் பக்கத்து ஊரில் கட்டிக் கொடுத்திருந்தார். ஐந்து பவுன் சொன்னார். மூன்றுதான் போட முடிந்தது. மோட்டார் சைக்கிளும் பாக்கி. ஆறு மாதத்தில் பெண் திரும்பி வந்துவிட்டாள். முழங்கைக்குமேல் தீய்ந்த தழும்பு. பஞ்சாயத்துப் பேச நாலு பேர் உட்கார்ந்தோம். நானும் ஒருவன். "அறுவடை முடிஞ்சு பாக்கியைத் தர்றோம், இனிமே கை நீட்டக் கூடாது" என்று பேசி முடித்தோம். மாப்பிள்ளை தலையாட்டினான். எனக்குப் பெருமை. நம்மையும் பெரிய மனுஷனாக மதித்துக் கூப்பிட்டார்களே என்று!

பெண் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அண்ணே, நீங்களும் போகச் சொல்றீங்களா?" என்று கேட்டாள். "போம்மா, எல்லாம் சரியாயிரும். நாங்க இருக்கோம்ல" என்றேன்.

நாலாவது மாதம் ஆள் வந்து சொன்னான். ஸ்டவ் வெடித்துவிட்டதாம். ஓடிப்போய்ப் பார்த்தோம். அடுப்பங்கரைச் சுவர் கரியாக இருந்தது. ஸ்டவ் ஒரு சொட்டைகூட இல்லாமல் பலகைமேல் இருந்தது.

ஆர்.டி.ஓ. விசாரணை நடந்தது. என்னையும் கூப்பிட்டார்கள். "பணம் கேட்டு அடிக்கிறதா அந்தப் பொண்ணு உங்ககிட்ட எப்பவாவது சொன்னாளா?" என்று அதிகாரி கேட்டார். சொன்னாள் என்றால் அடுத்த கேள்வி என்ன? "தெரிஞ்சும் ஏன் திருப்பி அனுப்பினீங்க?" அந்தக் கேள்விக்குப் பயந்தேன். "புருஷன் பெண்டாட்டிக்குள்ள சின்னச் சண்டை இருந்துச்சுங்க. வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். பஞ்சாயத்தில் இருந்த மற்ற மூன்று பேரும் அப்படியே சொன்னார்கள். விபத்து என்று முடிந்தது. அடுத்த தை மாதம் அவனுக்கு இன்னொரு கல்யாணம். இந்தத் தடவை மோட்டார் சைக்கிளும் வந்துவிட்டது.

மூன்று வருஷம் அந்த ஊர்ப்பக்கமே நான் போகவில்லை. பிறகு ஒருநாள் போய் அந்தத் தகப்பனிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் வாழைக்கட்டை தோண்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "தெரியும் தம்பி. நானும் அதைத்தானே சொன்னேன்" என்றார். அப்புறம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார். அவரும் பாக்கிப் பணத்தைத் தராத தகப்பன் என்ற கெட்ட பேருக்குப் பயந்திருக்கிறார்.

தோழர்களே! இந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த விசாரணை அறைதான் என் கண்முன் வருகிறது. சின்னையாவும் பட்டாபியும் ஹேமாவும் அம்புஜமும் சொன்னதைப் பார்த்து நீங்கள் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் அப்படித்தான் சொன்னேன். என் கதையிலும் நான் சுத்தமாக இருந்தேன். கொளுத்தியவன் ஒருவன். அவன் தப்பிப் போக வழிவிட்டவர்கள் நாங்கள் ஐந்து பேர். உஷாவும் முதலில் மறைக்கத்தான் பார்க்கிறாள். ஆனால் கடைசியில் தனக்கு எதிராகவே வாய் திறக்கிறாள். அப்போதுதான் உண்மை வெளியே வருகிறது. தன்னைக் காப்பாற்றிக்கொண்டு சொல்கிற சாட்சியால் எந்த ஏழைக்கும் நியாயம் கிடைத்ததில்லை.

இந்த விஷயத்தை மேடையில் சொல்ல வேண்டாம், சங்கத்துக்குக் கெட்ட பெயர் என்று சில தோழர்கள் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. முதலாளியின் தப்பைத் துண்டுப் பிரசுரம் போட்டுச் சொல்கிறோம். நம் தப்பை மட்டும் மடியில் முடிந்து வைக்கலாமா?

ஆகவே சில காரியங்களைச் செய்ய வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அடி வாங்கி வந்த பெண்ணைப் பஞ்சாயத்துப் பேசித் திருப்பி அனுப்பாதீர்கள். அவள் சொல்வதை அன்றைக்கே எழுதிப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுங்கள், சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள். 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டப்படி மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், அவரிடம் போகலாம். 181 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம். ஒரு பெண் செத்துவிட்டால், ஆர்.டி.ஓ. விசாரணையில் தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லுங்கள். உங்கள் தலை குனிவதானாலும் சொல்லுங்கள். ஆலையில் சம்பள உயர்வுக்குப் போராடி வாங்கும் வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. உயர்ந்த சம்பளத்தைக் காட்டிப் பெண் வீட்டில் கூடுதல் பவுன் கேட்டீர்களானால், கொடி பிடித்து வாங்கியதை வைத்து இன்னொரு கூலிக்காரனைச் சுரண்டுகிறீர்கள் என்று அர்த்தம்.

ராஜனைச் சுட்டது யார் என்று இரண்டு மணி நேரம் யோசித்தோம். வீட்டுக்குப் போகும் வழியில் அதை விட்டுவிட்டு, நம் தெருவில் சமீபத்தில் எந்தப் பெண் தாய்வீட்டுக்குத் திரும்பி வந்தாள், அந்த நாள் நாம் எங்கே இருந்தோம் என்று யோசியுங்கள்.

அவள் வாசலில் வந்து நின்றால் முதலில் ஒரு செம்பு தண்ணீர் கொடுங்கள். பாயை விரித்துப் போடுங்கள். "எப்ப திரும்பிப் போவே?" என்று மட்டும் கேட்காதீர்கள்.